நான் இல்லாதப்ப நடந்த கல்யாணம்

இல்லம்மா, நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். நாம ஊர்ல இல்லாதப்ப, நம்மள ஒரு வார்த்த கேக்காம, நமக்குக் கல்யாணம் பண்ணி வெச்சுட்டா... அது செல்லுமா? நீங்களே சொல்லுங்க. பாத்தா படிச்சவங்களாட்டம் இருக்கீங்க. செல்லுமா?

செல்லாதுன்றீங்க. எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. ஆனா செல்லும். அங்கதான் பேஜாரு.

மாப்பிள்ளையா? மாப்பிள்ள ஒரு பூதம்மா. மூணு தல. பூதங்களுக்கெல்லாம் ராஜா... இருங்க, இருங்க, பைய எதுக்குத் தூக்கறீங்க? முண்டியம்பாக்கம் கூட வரல இன்னும். எனுக்கு ஒண்ணும் ஆவல, நல்லாத்தான் இருக்கேன். திண்டிவனத்துல பொம்பளப் புள்ளைங்க ஸ்கூல்ல பீ.டி. டீச்சர் நானு. பிரபாவதின்னு பேரு. அந்த ஊர்ல விசில் சத்தம் கேட்டாலே என் பேரச் சொல்லுவாங்க. உக்காருங்க. ஜன்னல் பக்கம் வேணும்னா உக்காருங்க, காத்து வரும்.

இது ஒரு வெளையாட்டும்மா. தாயக்கட்ட உருட்டறோம் இல்ல, அந்த மாதிரி, ஆனா இதுக்கு இருபது மொகம். சின்னதா, ஆரஞ்சு முட்டாயி மாதிரி பளபளன்னு இருக்கும். ஒருத்தரு கத சொல்லிக்கினே வருவாரு. இந்தாண்ட காடு, அந்தாண்ட மல, நடுவுல ஒரு பாழுங்கெணறு, இப்ப இன்னா பண்ணப் போறீங்கன்னு கேப்பாரு. மத்தவங்க ஆளுக்கு ஒரு வேஷம். நான் கெணத்துல எட்டிப் பாக்கறேன்னு சொன்னா, கட்டைய உருட்டணும். நெறைய விழுந்தா பாத்துட்டு வந்துடலாம். கம்மியா விழுந்தா உள்ள விழுந்துடுவோம். அவ்வளோதான் வெளையாட்டு. கேக்க சின்னப் புள்ளத்தனமா இருக்குதா? எனுக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு.

கத சொல்றவரு அப்துல் ஹலீம் பாயி. கோட்டகுப்பத்துக்காரரு. ஷார்ஜாவுல இருந்தாராம், அங்க ரூம்ல இருந்த வெளிநாட்டுப் பசங்க சொல்லிக்குடுத்தாங்களாம். ஊருக்குத் திரும்பி வந்தப்ப எல்லாரும் அத்தரு, போர்வ, பிஸ்கோத்து கொண்டாருவாங்க. இவரு தலகாணி சைஸுக்கு ஒரு இங்கிலீஷ் பொஸ்தகமும், ஒரு பை நெறைய இந்தக் கட்டையும் கொண்டாந்தாரு. அத்தரும் கொண்டாந்தாருன்னு வெச்சுக்குங்க, இப்ப திண்டிவனத்துல அத்தர் கடைதான் வெச்சிருக்கறாரு. கடைக்கு மேல மாடியில வூடு. நான் பக்கத்து வூட்ல வாடகைக்கு இருக்கேன். தனியாத்தான். ஆமா, தனியாத்தான்... அதுக்கு வர்றேன்.

ஒரு ஞாயித்துக்கெழம நான் பாட்டுக்கு மாடியில துணி காயப் போட்டுக்கினு இருக்கேன், அந்தாண்ட மாடியில ஒரே சண்ட. "உருட்டுனது செல்லாது"ன்றான் ஒருத்தன். "செல்லும்"ன்றாரு இன்னொருத்தரு. கட்ட மேசையிலேர்ந்து உருண்டு கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. அங்க இருபது காட்டுது. செல்லுமா செல்லாதான்னு சண்ட. எனுக்குக் காலு நிக்குமா? மாவட்டம் முழுக்க கபடிக்கு நடுவரா நின்னவ நானு. கோட்ட தாண்டுனா அவுட்டு, இதுல இன்னா பேச்சு? நேரா ஏறிப் போனேன். "எல்லைக்கு வெளிய விழுந்தது செல்லாது. இனிமே குண்டானுக்குள்ளதான் உருட்டணும்"னு சொன்னேன். பாயோட சம்சாரம் அப்ஸானா உள்ள போயி ஒரு அலுமினியக் குண்டானக் கொண்டாந்து நடுவுல வெச்சா. அதான் மொத ரூலு. அன்னைக்கு உக்காந்தவதான்.

அந்த இங்கிலீஷ் பொஸ்தகத்துல ஆயிரத்தெட்டு ரூலு இருக்குதும்மா. ஆனா பொஸ்தகத்துக்கு நம்மள இன்னா தெரியும்? அதனால அந்தந்த வூட்ல ஆடறவங்க அவங்கவங்க வசதிக்கு நாலு ரூல போட்டுக்கலாமாம். பாயி அத ஹவுஸ் ரூல்னுவாரு. நாங்க வூட்டு ரூலுன்னுவோம். எங்களுக்கு நாலோட நின்னுச்சா? இல்ல.

நெடுஞ்செழியன்னு ஒருத்தரு. பெருமுக்கல்ல மல்லாட்ட, அதாம்மா வேர்க்கடல, பயிர் வெக்கிறவரு. வரும்போதே அவிச்ச மல்லாட்ட ஒரு தூக்கு நெறைய வரும். நல்ல மனுஷன், தமிழ்னா உசுர விடுவாரு. அவரு ஒரு ரூலு போட்டாரு, வேஷத்துல பேசறப்ப சுத்தத் தமிழ்தான் பேசணும், ஒரு இங்கிலீஷ் வார்த்த வந்தாலும் ஒடம்புல ஒரு புள்ளி கொறையும்னு. எங்க ஆளு ஒவ்வொண்ணுக்கும் உசுரு இத்தினி புள்ளின்னு கணக்கு இருக்குது, அது தீந்தா செத்துடும். நானு சண்டையில நெடுஞ்செழியனோட ஆளு கால மிதிச்சுட்டேன். பழக்க தோஷம், "சாரி சார்"னேன். ரெண்டு புள்ளி போச்சு. எதிரி அடிச்சதுல கூட ஒண்ணுதான் போயிருந்துச்சு.

அப்பால செத்தா செத்ததுதான்னு ஒரு ரூலு. பொஸ்தகத்துல பூசாரிய வெச்சு எழுப்பிடலாம்னு இருக்குதாம். நெடுஞ்செழியன் ஒத்துக்கல. செத்தவன் எழுந்து வந்து டீ கேட்டா, சண்டைக்கு இன்னா மரியாத இருக்குதுன்னுட்டாரு. வாஸ்தவந்தானே? அப்பால ஆடும்போது போன் அடிச்சா, அந்த ஆள தேள் கொட்டும். இது அப்ஸானா போட்டது...

ஒரு நிமிஷம்... ம்ஹூம். ஒண்ணுமில்ல, எங்க அண்ணன். கட் பண்ணிட்டேன். அப்பறம் பேசிக்கலாம்.

எங்க வுட்டேன்? ஆங், என் வேஷம். செங்காந்தாள்னு பேரு. நெடுஞ்செழியன் வெச்ச பேருதான். கையில ஈட்டி. நான் காலேஜ் படிக்கறப்ப ஈட்டி எறிஞ்சவ, அதனால அதையே கேட்டு வாங்கிக்கினேன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வைராக்கியம் வேணும்னு பாயி கேட்டாரு. நான் யோசிக்கவே இல்ல. மலைக்கு அந்தாண்ட இன்னா இருக்குதுன்னு பாக்காம இவ எங்கயும் நிக்க மாட்டா, எவன் வூட்லயும் அடுப்பு ஊத மாட்டான்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்ஸானா மட்டும் சிரிக்கல. நல்லா இருக்குதுக்கான்னா.

நான் கட்டிக்கல. ஏன்னு நீங்க கேக்க மாட்டீங்க, ஆனா மூஞ்சி கேக்குது. பரவால்ல. ஒரு காரணமும் இல்லம்மா. தோல்வி கீல்வி ஒண்ணும் இல்ல. காலையில எழுந்து கிரவுண்டுக்குப் போவேன், சாயங்காலம் வருவேன், எனுக்குப் புடிச்சத ஆக்கித் தின்னுவேன், காலு நீட்டித் தூங்குவேன். இதுல இன்னா கொறன்னு எனுக்குத் தெரியல. எங்க அண்ணன் சீனுவாசனுக்கு மட்டும் தெரியுது. விழுப்புரத்துல இருக்கறாரு. அப்பா போனப்பறம் அவருதான் எல்லாம். நல்லவருதான். நல்லவங்கதான் நம்மள விட மாட்டாங்க.

அதான் சொல்ல வந்தேன். ரெண்டு மூணு வாரம் முன்னாடி, கண்டாச்சிபுரத்துல அண்ணியோட சொந்தத்துல காதுகுத்து, வந்தே ஆவணும்னாரு அண்ணன். ஞாயித்துக்கெழம. வெளையாட்டு நாளாச்சேன்னு மனசு அடிச்சுக்குது, ஆனா அத அண்ணன்கிட்ட எப்பிடிச் சொல்றது? பூதத்தோட சண்ட இருக்குது, வர முடியாதுன்னா சொல்றது? போனேன். போனா, காதுகுத்தறது புள்ளைக்கு, பாக்கறது என்னைய. ஒரு அம்மா வந்து பக்கத்துல உக்காந்துக்கினு என் கையப் புடிச்சுப் பாக்குது. வெளையாட்டு டீச்சரா, அதான் கை இவ்ளோ முரடான்னுது. அவுங்க தம்பிக்குப் பாக்கறாங்களாம். பொண்டாட்டி இல்ல, போயிட்டாங்க பாவம். வானூர்ல ஹார்டுவேர் கடையாம். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்ல. எல வெக்கறவங்களோட நின்னுக்கினு இருக்கறாரு.

சரி, இங்க இது நடக்குதா? அதே நேரத்துல அங்க திண்டிவனத்துல, பாயி வூட்டு மாடியில, செங்காந்தாளக் கட்டிக் குடுத்துட்டாங்க.

யாரா? அப்ஸானாதான். அவதான் எனுக்குப் பதிலா ஆடுனவ. வராதவங்க ஆள பக்கத்துல உக்காந்திருக்கறவங்க ஆடணும், அவங்க எடுக்கற முடிவ வந்தவங்க மறுபேச்சு இல்லாம ஏத்துக்கணும். அதுவும் ஒரு வூட்டு ரூலு.

திங்கக்கெழம சாயங்காலம் பாயி கடையில நின்னு சொல்றாரு, கண்ணப் பாக்காம, சீசாவத் தொடச்சிக்கினே சொல்றாரு. "டீச்சர், ஒரு விஷயம். செங்காந்தாளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு." எனுக்குக் கோவம் கால்லேர்ந்து ஏறுச்சும்மா. முந்தின நாளு ஒரு அம்மா கையப் புடிச்சுப் பாத்த இடம் இன்னும் எரியுது. ஊர்லதான் நம்மளக் கேக்காம பேசி முடிக்கறாங்கன்னா, இங்கயுமா? அது ஒரு எடந்தான் எனுக்குன்னு இருந்துச்சு. ஞாயித்துக்கெழம மத்தியானத்துலேர்ந்து பொழுது சாயற வரைக்கும்.

இது விக்கிரவாண்டியா? ஆமா. நீங்க மேல்மருவத்தூர்தானே, இருக்குது இருக்குது. உக்காருங்க.

மாடிக்குப் போனேன். அப்ஸானா கேப்ப மாவு சலிச்சிக்கினு இருந்தா. நான் இன்னா பேசினேன்னு... பேசியிருக்கக் கூடாது. "ஒன்ன பத்தொம்பது வயசுல கட்டிக் குடுத்துட்டாங்க. அதனால பாக்கறவங்களயெல்லாம் கட்டிக் குடுக்கணுமா ஒனுக்கு?"ன்னு கேட்டேன். விசில் ஊதுற தொண்ட இது. தெருவுக்கே கேட்டுச்சு. அவ சல்லடைய மட்டும் கீழ வெச்சா. நான் எறங்கி வந்துட்டேன். அதோட போறதில்ல. ஞாயித்துக்கெழமன்னா வூட்டுக்குள்ள உக்காந்துக்கினு அந்தாண்ட மாடியில சத்தம் வருதான்னு கேட்டுக்கினு இருக்கேன். ஒரு சத்தமும் வர்றதில்ல. அவங்க ஆடறதே இல்லன்னு நெனைக்கறேன்.

அந்த ரூலு எவன் போட்டதுன்னு கேக்கறீங்களா? நல்ல கேள்வி. அது வந்து... அலெக்ஸால வந்த வென. அலெக்ஸுன்னு ஒரு தம்பி, கேட்டரிங் பண்றான். பிரியாணி அவன் கையில சாப்புடணும். முகூர்த்த நாளுன்னா வர மாட்டான். வைகாசி முழுக்க வரல. அவன் ஆளு ஒரு திருடன், அவன் இல்லாம பூட்டத் தெறக்க முடியாது, எல்லாரும் ஒரு கதவுக்கு முன்னாடியே வாரக்கணக்கா நின்னுக்கினு இருக்கோம். எத்தினி நாளு நிப்பீங்க நீங்க? கோ-கோவுல ஒருத்தன் வரலன்னா ஆட்டத்த நிறுத்துவாங்களா? சப்ஸ்டிடியூட் எறக்குவாங்க. அதத்தான் சொன்னேன். வராதவன் ஆள பக்கத்துல இருக்கறவங்க ஆடட்டும், வந்தவன் வாய மூடிக்கினு ஏத்துக்கணும்னு... ஆமா. நான்தான் போட்டேன். அதுல இன்னா தப்பு? நல்ல ரூலுதானே? கை தூக்கச் சொன்னேன், எல்லாரும் தூக்கினாங்க. அலெக்ஸ் வரலியே, அவன் எப்பிடித் தூக்குவான்.

அன்னைக்கே அவன் ஆள நான்தான் ஆடுனேன். அவன் பக்கத்துல உக்கார்றவ நான்தானே? கதவத் தெறந்தோம். உள்ள ஒரு கெண்டியில பச்சையா தண்ணி. குடிக்கலாமா வேணாமான்னு எல்லாரும் யோசிக்கறாங்க. அலெக்ஸோட ஆளக் குடிக்க வெச்சுப் பாக்கலாம்னேன். சிரிக்காதீங்க. யாராவது ஒருத்தரு குடிச்சுத்தானே பாக்கணும்? உருட்டுனேன், ரெண்டு விழுந்துச்சு. ஆடா மாறிட்டான்.

ஆடும்மா, ஆடு. மே-ன்னு கத்துமே, அது. அடுத்த வாரம் பாவம் அந்தத் தம்பி வேல முடிச்சுட்டு மசாலா வாசனையோட வந்து உக்கார்றான், அவன் திருடன் ஆடாயிட்டான்னு சொல்றோம். அவன் தொழிலே பிரியாணி. அவனப் போயி ஆடாக்கிட்டேன் நானு. கோச்சுக்கலம்மா அவன். ரூலு ரூலுதான் அக்கான்னான். அதுலேர்ந்து வந்தா ஆடாத்தான் ஆடறான். பூட்டத் தெறக்க முடியாது, கொம்பால முட்டுவான். சுத்தத் தமிழ்ல கத்தறியாடான்னு நெடுஞ்செழியன் கேப்பாரு. ஆடு எல்லா பாஷையிலயும் ஒண்ணுதான் சார்னு சொல்லிட்டு, சார்னு சொன்னதுக்கு ஒரு புள்ளி குடுப்பான். மலைக்கு அந்தாண்ட ஒரு சுன இருக்குதாம், அதுல முங்குனா மறுபடியும் மனுஷனாயிடுவானாம். அதுக்குத்தான் எல்லாரும் மலையப் பாக்கப் போயிக்கினு இருந்தோம். வழியிலதான் இந்த பூதராஜா.

மறுபடியும் அண்ணன். அடிக்கட்டும்.

நான் இன்னைக்கு, ஞாயித்துக்கெழமயும் அதுவுமா, விழுப்புரத்துலேர்ந்து எதுக்கு வர்றேன்னு நெனைக்கறீங்க? அண்ணன் காலையில போன் பண்ணி, பச்சப் பொடவையக் கட்டிக்கினு வா, வெளிய சாப்புடலாம்னாரு. போனா, ஓட்டல்ல ஏசி ரூம்ல அந்தக் கண்டாச்சிபுரத்து அம்மா, பக்கத்துல வானூர் ஹார்டுவேர்காரரு, எதிர்ல அண்ணனும் அண்ணியும். குத்தம் சொல்லக் கூடாது, சட்டயெல்லாம் நீட்டாத்தான் போட்டிருந்தாரு. வணக்கம் சொன்னாரு. அப்பால கேக்கறாரு, வேலைய எப்ப வுடுவீங்கன்னு. வுடுவீங்களான்னு இல்ல. எப்பன்னு. அவரப் பெத்த அம்மாவுக்குத் தெனம் காலையில கேப்பக் கூழு ஆவணும், கட்டி தட்டாம கிண்டத் தெரியுமான்னு. நான் அண்ணனப் பாக்கறேன். அண்ணன் மெனு கார்டப் பாக்கறாரு.

அப்ப எனுக்கு யாரு ஞாபகம் வந்துச்சு தெரியுமா? அந்த பூதராஜா. மூணு தல இருந்தும், ஒரு தல கூட என்னைய கூழு கிண்டத் தெரியுமான்னு கேக்கலியேன்னு நெனச்சேன்.

கை கழுவிக்கினு வர்றேன்னு எழுந்தேன். கழுவுனேன். கழுவுற எடத்துக்குப் பக்கத்துல ஒரு கதவு, தெறந்தா பின்னாடி சந்து. சந்துலேர்ந்து ஆட்டோ. ஆட்டோவுலேர்ந்து இந்த ரயிலு. நீங்க ஏறுன பொட்டிக்கு நேரா ஓடி வந்து ஏறுனேனே, பாத்தீங்கல்ல? பச்சப் பொடவ கட்டிக்கினு யாரும் அந்த மாதிரி ஓட மாட்டாங்க.

அப்ஸானா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தா. சண்ட போட்ட அன்னைக்கு ராத்திரியே. எத்தினியோ வாட்டி கேட்டுட்டேன். போடட்டுமா? வேணாம், வண்டி சத்தத்துல கேக்காது, நானே சொல்றேன். "அக்கா, பூதராஜா ரெண்டே வழிதான் குடுத்தான். ஆட்ட ராத்திரி சாப்பாட்டுக்குக் குடுங்க, இல்ல அந்த ஈட்டிக்காரியக் கட்டிக் குடுங்கன்னான். செத்தா திரும்ப வராதுன்னு நம்ம ரூலு இருக்குது. நான் என் இஷ்டத்துக்குச் சொல்லலக்கா. இந்த எடத்துல நீங்க இருந்தா இன்னா சொல்லுவீங்கன்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். மத்தவங்க ஜல்தி ஜல்தின்னாங்க, நான் யோசிச்சுக்கினே இருந்தேன். நீங்க அலெக்ஸ விட்டுக் குடுக்க மாட்டீங்கன்னு தோணுச்சு. அதனால சரின்னுட்டேன். தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க." அவ்வளோதான் மெசேஜு. கடைசியில, சண்டையக் கேள்விப்பட்டு வந்திருந்த அலெக்ஸ் தூரத்துல மேன்னு கத்தறது கேக்கும்.

நான் இருந்தா இன்னா சொல்லியிருப்பேன்? அதேதான் சொல்லியிருப்பேன். அந்தத் தம்பிய ஆடாக்குனதே நானு. அவன எலயில பரிமாற விட்டுட்டு மலைக்குப் போவேனா? சரியாத்தான் ஆடியிருக்கா. என்னைய விட நல்லா என்னைய ஆடியிருக்கா. இது எனுக்கு அன்னைக்கே தெரியும்மா. ஒத்துக்கத்தான் வாய் வரல. அவளும் என்னக் கேக்காமதான் பேசுனா, எங்க அண்ணனும் என்னக் கேக்காமதான் பேசுனாரு. ஆனா அவ...

அடிக்குது. ம்ஹூம், இந்த வாட்டி எடுக்கறேன். எங்கயும் போயிடாதீங்க.

"சொல்லுண்ணா... ஆமா, ரயில்ல இருக்கேன்... கை கழுவத்தான் போனேன். கழுவிட்டேன்... அண்ணா... அண்ணா, ஒரு நிமிஷம் என்னப் பேச விடு... நீ எங்கண்ணா கேட்ட? பச்சப் பொடவ கட்டிக்கினு வான்னு சொன்ன. அது கேக்கறதா?... இல்ல. எனுக்கு இஷ்டமில்ல. அவரு நல்லவராவே இருக்கட்டும், நல்ல எடத்துல பொண்ணு கெடைக்கட்டும்... அவுங்க முன்னாடி ஒனுக்கு அசிங்கமாப் போச்சு, தெரியுது. அதுக்கு மன்னிச்சுக்கோ. அதுக்கு மட்டும்தான்... கடைசி காலத்துல யாரு பாத்துக்குவான்னா, இப்ப யாரு பாத்துக்கறா? நான்தான் பாத்துக்கறேன். நல்லாத்தான் பாத்துக்கறேன்... இல்லண்ணா, கோவமில்ல. ஒம்மேல எனுக்கு இன்னா கோவம்? ஆனா இனிமே நான் இல்லாத எடத்துல எனுக்குப் பேசாத. நான் இருந்தாத்தான் பேசணும். என் வூட்ல அதான் ரூலு... ம்... ம்... அழுவறியாண்ணா?... சரி, அண்ணிகிட்ட குடு... அண்ணி, சொல்லுங்க... எனுக்குன்னு சொன்ன பூரி ஆறிப் போவுதா? நீங்களே சாப்புட்டுடுங்க... என்னாது? மெதுவாப் பேசறீங்களே, கேக்கல... ம்... அப்பிடியா சொல்றீங்க... சரிங்கண்ணி. வெக்கறேன்."

...

அந்தத் தண்ணி பாட்டில கொஞ்சம் குடுங்களேன்.  

அண்ணி இன்னா சொன்னாங்கன்னா, நீ எழுந்து போனப்பவே தெரிஞ்சிடுச்சு, பின்கதவு எங்க இருக்குதுன்னு நானே வந்து காட்டலாமான்னு இருந்தேன்னாங்க. எத்தினி வருஷமா அந்த வூட்ல இருக்கறாங்க, இன்னைக்குத்தான் அவுங்க எங்கிட்ட பேசுன மாதிரி இருக்குது.

மயிலம் போயிடுச்சா? நீங்க ஏன் எழுந்து நிக்கறீங்க? கதவுகிட்ட காத்து வரும்னா? சரி வாங்க, நானும் எறங்கணும், நின்னுக்கினே பேசலாம். கம்பியப் புடிச்சுக்குங்க.

அப்ஸானாவுக்கு போன் போடலாம்னு பாத்தேன். வேணாம், நேராவே போறேன். அந்த மாதிரி பேச்சு பேசிட்டு போன்ல மன்னிப்பு கேக்கறது நல்லா இருக்காது. அவளும் நான் வந்தா முறுக்கிக்க மாட்டா. ரெண்டு நாளு முன்னாடி மாடியிலேர்ந்து கேக்கற மாதிரியே பாயிகிட்ட சத்தமாச் சொல்றா, வராதவங்க ஆள ஆடற ரூல எடுத்துடலாம், செங்காந்தா கல்யாணம் செல்லாதுன்னு ஆக்கிடலாம்னு. எனுக்குக் கேக்கணும்னுதான் சொல்றா, தெரியாதா. ஆனா அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். ஆட்டம் பாதியில இருக்கறப்ப ரூல மாத்தறதா? நான் நடுவரா இருந்தவ. அப்பிடி மாத்துனா அலெக்ஸ் இத்தினி நாளா ஆடா கத்துனதுக்கு இன்னா மரியாத? அவன் ஏத்துக்கினான்ல? நானும் ஏத்துக்கணும். கல்யாணம் ஆயிடுச்சு. செல்லும்.

இதோ திண்டிவனம் வந்துடுச்சு. பாத்தீங்களா, பேசிக்கினே வந்ததுல தெரியவே இல்ல. நீங்க குறுக்க பேசாம நல்லா கேட்டுக்கினீங்க. நாலு மணியாவல இன்னும், எல்லாரும் மாடியிலதான் சும்மா உக்காந்துக்கினு இருப்பாங்க.

மெதுவா, மெதுவா, நான் எறங்கிக்கறேன். நீங்க உள்ள போயி உக்காருங்க, எடம் போயிடப் போவுது. அந்த ராஜாவ இன்னா பண்ணப் போறேனா? ஒண்ணும் பண்ணல. கல்யாணம் கட்டணும்னுதான் அவன் கேட்டான், கட்டியாச்சு. கட்டிக்கினவ அவன் கோட்டையிலயே இருக்கணும்னு பொஸ்தகத்துலயும் இல்ல, எங்க வூட்டு ரூல்லயும் இல்ல. விடிஞ்சதும் செங்காந்தா ஈட்டிய எடுத்துக்கினு, ஆட்டப் புடிச்சுக்கினு, மலைக்கு அந்தாண்ட நடக்கப் போறா. அவன் வேணும்னா பின்னாடியே வரட்டும், அந்த மூணு தலையையும் தூக்கிக்கினு.